முறிகண்டி தாண்டும்வரை

விழுங்காதையடி, என்றாள் விதுர்சிகா.
வாய்க்குள் உருட்டு. பத்து எண்ணு. துப்பு.
அவ்வளவுதான்.

போன வருடம் விழுங்கினேன்.
கொக்காவில் கோபுரத்துக்கு நேரே
சைக்கிளைச் சரித்துவிட்டு
குளுக்கோஸ், விடியப் புட்டு, வாழைப்பழம் எல்லாவற்றையும்
ஏ-ஒன்பது வீதிக்கே திருப்பிக் கொடுத்தேன்.
கடந்துபோன பதினொரு பேரில்
ஒருத்தி மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

அதனால் இந்த முறை வயிற்றுக்கு ஒன்றுமில்லை.
வாய்க்கு மட்டும்.
மருந்துக்கடையில் குளிசை எண்ணுகிறவள்
எங்கேயோ படித்திருக்கிறாள்:
இனிப்பு நாக்கில் பட்டதும்
வருகுது வருகுது என்று மூளைக்குச் செய்தி போகுமாம்.
மூளை கையிருப்பைத் திறந்து
கால்களுக்கு அள்ளி விடுமாம்,
வராத சம்பளத்தை நம்பிக்
கடைக்காரன் கொப்பியில் எழுதுகிற மாதிரி.

உண்மையா?
உன்னிலைதான் பார்க்கப்போறன்.

அம்மாவிடம் சொல்லவில்லை.
ஒரு சுண்டு சீனிக்கு
ஒரு சோடித் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவள்.
துப்புவதற்கென்றே இனிப்புக் கரைப்பதை
அவளுக்கு எந்த வாயால் சொல்ல.

கிளிநொச்சியிலிருந்து மாங்குளம்.
திரும்பி, அதே தார், அதே வெயில்.
போகும்போது சோளகம்
நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது.
முதல் வாயைத் துப்பினேன்.
காற்று அதை என் தோளுக்கே கொண்டுவந்து ஒட்டியது.

மாங்குளத்தில் கூம்பைச் சுற்றும்போது இரண்டாவது.
முன்னால் எட்டுப் பேர்.
பொய்யோ மெய்யோ, கால் எதையோ கேட்டது.
எட்டு ஆறானது.

மூன்றாவது போத்திலை
ஸ்கூட்டியில் வந்து அவள் நீட்டிய இடம் பிழை.
வாயை நிரப்பிக்கொண்டு நிமிர்ந்தால்
முறிகண்டி.

லொறியோ பஸ்ஸோ
தேங்காய் உடைக்காமல் போகாத இடம்.
பிள்ளையாருக்கு முன்னால் துப்புவதா?

ஒன்பது. பத்து. பதினொன்று.
மூக்கின் இரண்டு துளைக்குள்ளால்
உலகத்துக் காற்று முழுவதும் வரவேண்டியிருந்தது.
கச்சான் கடைக்காரிகள் எழும்பி நின்று
முப்பத்திநாலு! மிதி பிள்ளை, மிதி! என்று
என் முதுகில் இருந்த எண்ணைக் கத்தினார்கள்.
சிரிக்கக்கூட வழியில்லை.
கன்னம் இரண்டும் உப்ப
நானும் ஒரு பிள்ளையாராய்
மோதகத்தை மெல்லாமல் வைத்துக்கொண்டு மிதித்தேன்.

பத்தொன்பது.
இருபது.

கடைசிச் சிரட்டையும் பின்னால் போனபிறகு
காட்டோரமாய்த் துப்பினேன்.

அந்த இடைவெளிக்குள் இரண்டு பேரைக் கடந்தேனாம்.
எனக்குத் தெரியாது, பிறகு சொன்னார்கள்.
இனிப்பு இருபதுவரை இருந்ததாலா,
மூச்சுக்குத் தவித்ததாலா,
தெரியாத பெண்கள் என் எண்ணைக் கத்தியதாலா?
விதுர்சிகா பேனையைக் கடித்தபடி நின்றாள்.
அடுத்த முறை கோயில் இல்லாத இடத்திலை பார்ப்பம், என்றாள்.

நான்காம் இடம்.
மேடையில் படி மூன்றுதான்.
ஓடிய எல்லோருக்கும் ஒரு பை:
உள்ளே ஒரு துவாய்,
ஒரு பெட்டி குளுக்கோஸ்.

இரவு கிணற்றடியில்
கழற்றிப் போட்ட சட்டையை அம்மா தூக்கினாள்.
தோள்பக்கம் முழுக்க எறும்பு.
தொட்டாள். விரலை நாக்கில் வைத்தாள்.
என்னடி இது, சீனியோ?

ஓம்.

குடிச்சதோ, ஊத்துப்பட்டதோ?

துப்பினது, என்றேன்.
வாளிக்குள் தண்ணீர் ஆடி ஓயும்வரை
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு சட்டையை உதறாமல்
மெதுவாகக் கொண்டுபோய்
வேலிக் கதியாலில் போட்டாள்.

அதுகள் தின்னட்டும்.

விடிந்தபிறகுதான் தோய்த்தாள்.